செவ்வாயின் வயிற்றில் என்ன இருக்கிறது? விண்ணிலிருந்து விழுந்த கற்கள் சொல்லும் சேதி!

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். 2025-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. அங்கே ஓர் ஏலம் நடந்தது.

ஏலத்துக்கு வந்தது வைரம் அல்ல, தங்கம் அல்ல, ஒரு கல்!

செம்பழுப்பு நிறம். எடை 24 கிலோ 670 கிராம். ஏறக்குறைய ஓர் அரிசிச் சிப்பத்தின் கனம். அது என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? கமிஷனையும் சேர்த்து 53 லட்சம் டாலர். நம் பணத்தில் சுமார் 45 கோடி ரூபாய்!

ஒரு கல்லுக்கு இவ்வளவு விலையா?

அது இந்த உலகத்துக் கல் அல்ல. செவ்வாய்க் கிரகத்தில் இருந்து வந்து விழுந்த கல்! 2023 நவம்பரில், ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்தது. பூமியில் இதுவரை கிடைத்த செவ்வாய்க் கற்களில் இதுவே மிகப் பெரியது.

வாங்கியவர் யார்? பெயர் வெளியிடப்படவில்லை.

ஏலம் முடிந்த சில நாட்களில் நைஜர் அரசாங்கம் விழித்துக்கொண்டது. "எங்கள் நாட்டில் கிடைத்த கல் எப்படி வெளியே போயிற்று?" என்று விசாரணைக்கு உத்தரவு போட்டது. ரத்தினக் கற்களையும் விண்கற்களையும் ஏற்றுமதி செய்வதை நிறுத்தி வைத்தது. "முறைப்படிதான் கல் கொண்டுவரப்பட்டது" என்று ஏலம் விட்ட சோத்பீஸ் கம்பெனி பதில் சொல்லியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு சொத்துத் தகராறு. ஆனால் விஞ்ஞானிகளின் கவலை வேறு. ஒரு கிரகத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் சாட்சி அந்தக் கல். சாட்சி பூட்டிய அறைக்குள் போய்விட்டால், கதையை யார் சொல்வது?

கல் எப்படிச் சாட்சி சொல்லும்? அதுதான் அதிசயம்!

தோண்ட முடியாத ஆழம்

பூமியின் நடுமையம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? 6,371 கிலோ மீட்டர் ஆழத்தில்.

மனிதன் எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறான்? ரஷியாவில் கோலா என்னும் இடத்தில் பல ஆண்டுகள் பாடுபட்டுத் துளை போட்டார்கள். 12 கிலோ மீட்டருக்குச் சற்று மேல்தான் போக முடிந்தது. மாம்பழத்தின் தோலைக்கூடத் தாண்டவில்லை!

காலடியில் இருக்கும் பூமியின் கதியே இது. கோடிக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிற செவ்வாயை யார் போய்த் தோண்டுவது? அதன் மையம் 3,390 கிலோ மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

ஆனாலும் செவ்வாயின் உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று விஞ்ஞானிகள் 1985-ம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். துளை போடவில்லை. செவ்வாய்க்குப் போகவும் இல்லை. பூமியில் விழுந்த கற்களை ஆராய்ந்தே சொன்னார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?

பீகாரில் விழுந்த கல்

அந்தச் சோற்றுப் பருக்கைகளில் ஒன்று இந்தியாவில் விழுந்தது.

1865-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி. பீகாரில் கயை அருகே உள்ள ஷெர்காட்டியில் வானத்தில் இருந்து ஒரு கல் விழுந்தது. எடை சுமார் 5 கிலோ.

இதே போல் பிரான்சில் சசிஞி என்ற ஊரில் 1815-ம் ஆண்டிலும், எகிப்தில் நக்லா என்ற இடத்தில் 1911-ம் ஆண்டிலும் கற்கள் விழுந்தன.

இந்த மூன்று வகைக் கற்களும் மற்ற விண்கற்களைப் போல இல்லை. எரிமலையில் இருந்து வழிந்து ஆறிய பாறையைப் போல இருந்தன. அவற்றின் வயதும் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது.

சாதாரண விண்கல்லின் வயது சுமார் 456 கோடி ஆண்டு. சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில் அவையும் பிறந்தவை. ஆனால் நக்லா கல்லின் வயது 130 கோடி ஆண்டுதான். ஷெர்காட்டி கல் அதைவிடச் சின்னப் பிள்ளை. சுமார் 17 கோடி ஆண்டு!

இதற்கு என்ன அர்த்தம்? 17 கோடி ஆண்டுக்கு முன்புகூட எங்கோ ஒரு எரிமலை நெருப்பைக் கக்கியிருக்கிறது. விண்வெளியில் சுற்றும் சின்னப் பாறைகள் எப்போதோ ஆறிக் குளிர்ந்துவிட்டன. அவ்வளவு காலம் சூட்டைக் காத்து வைக்க ஒரு பெரிய கிரகத்தால்தான் முடியும்.

எந்தக் கிரகம்? சந்தேகம் செவ்வாயின் மேல் விழுந்தது. ஆனால் அத்தாட்சி வேண்டுமே!

கண்ணாடிக்குள் சிறைப்பட்ட காற்று

அத்தாட்சி பனிக்கட்டியில் கிடைத்தது.

தென் துருவத்தில் இருப்பது அண்டார்டிகா கண்டம். எங்கும் வெள்ளைப் பனி. அதன்மேல் கருப்பாக ஒரு கல் கிடந்தால் கண்ணுக்குத் தப்பாது. அதனால் அமெரிக்க விஞ்ஞானிகள் அங்கே விண்கல் தேடப் போனார்கள். 1979-80-ல் அவர்கள் எடுத்து வந்த கற்களில் ஒன்று ஷெர்காட்டி கல்லின் இனம். எடை சுமார் 8 கிலோ.

அந்தக் கல்லுக்குள் கருப்புக் கண்ணாடி போன்ற துளிகள் இருந்தன. ஏதோ பயங்கரமான அடி விழுந்து, பாறையே உருகி, மறுகணம் இறுகிப் போன துளிகள். அவற்றுக்குள் கொஞ்சம் காற்று அகப்பட்டுக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர விஞ்ஞானிகளான டொனால்டு போகார்டும் பிராட் ஜான்சனும் அந்தக் காற்றை வெளியே எடுத்து அளந்தார்கள். 1983-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்கான் எவ்வளவு, செனான் எவ்வளவு என்று பார்த்தால், அது பூமியின் காற்று அல்ல!

பின் யாருடைய காற்று? 1976-ம் ஆண்டு வைக்கிங் என்ற இரண்டு ஆகாய ஓடங்கள் செவ்வாயில் இறங்கி, அங்குள்ள காற்றை அளந்து சொல்லியிருந்தன. அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒத்துப் போயின.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. கல் செவ்வாயின் கல்தான்!

எப்படி இங்கே வந்தது? ஏதோ ஒரு பெரிய விண்பாறை செவ்வாயின் மேல் மோதியது. அந்த வேகத்தில் அங்கிருந்த பாறைகள் தெறித்தன. சில, செவ்வாயின் பிடியை விட்டு விண்வெளிக்கே போய்விட்டன. லட்சக்கணக்கான ஆண்டுகள் அலைந்து திரிந்து, கடைசியில் பூமியில் வந்து விழுந்தன.

இன்று அப்படி அடையாளம் காணப்பட்ட செவ்வாய்க் கற்கள் சுமார் 400. பூமியில் கிடைத்த மொத்த விண்கற்களோ 70 ஆயிரத்துக்கும் மேல்.

மோரைப் பார்த்து வெண்ணெய்க் கணக்கு!

கல் கையில் கிடைத்தாயிற்று. ஆனால் அது செவ்வாயின் மேற்புறத்துக் கல்தானே? ஆயிரம் மைல் ஆழத்தில் இருப்பதை அது எப்படிச் சொல்லும்?

ஒரு டம்ளர் மோரைக் கொடுத்தால், அது வெண்ணெய் எடுத்த மோரா, எடுக்காததா என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். வெண்ணெயைப் பார்க்கவே வேண்டாம். மோரில் எது குறைகிறதோ, அது வெண்ணெயாகப் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

விஞ்ஞானிகள் செய்ததும் அதுதான். ஆனால் முதலில் பால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே?

அதற்கும் ஒரு கல் இருக்கிறது. 1864-ம் ஆண்டு மே 14-ந் தேதி பிரான்சில் ஆர்கேய் என்ற ஊரில் விழுந்த கல். இந்த வகைக் கற்கள் ஒருபோதும் உருகாதவை. பிறந்தபடியே இருப்பவை. சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, சூரியனில் என்னென்ன பொருள் எந்தெந்த அளவில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். காற்றாகப் பறந்து போகும் பொருள்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தக் கல்லிலும் அதே அளவுதான்! ஆகவே சூரியனும் கிரகங்களும் எந்த மாவில் பிசையப்பட்டனவோ, அந்த மாவின் ஒரு பிடி இந்தக் கல்.

செவ்வாய் பிறந்தபோது நெருப்புக் குழம்பாக இருந்தது. கனமான இரும்பு அடியில் இறங்கிக் கருவாயிற்று. லேசான பாறை மேலே நின்றது. இரும்பு தனியாக இறங்கவில்லை. தனக்குப் பிடித்த நிக்கலையும் தங்கத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிற்று. கந்தகமும் இரும்போடு போயிற்று. கந்தகத்துக்குப் பிடித்த செம்பும் அதோடு போயிற்று. வெண்ணெய் மேலே மிதக்கும். இரும்பு கீழே இறங்கும். வித்தியாசம் அது ஒன்றுதான்.

ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் ஓர் ஆராய்ச்சிசாலை இருக்கிறது. அங்கே கெர்லிண்ட் டிரைபஸ் என்ற பெண் விஞ்ஞானியும், ஹைன்ரிக் வெங்கே என்ற விஞ்ஞானியும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஆதியில் இருந்த அளவு இது. செவ்வாய்க் கல்லில் மிஞ்சியிருக்கும் அளவு இது. குறைந்தது எங்கே? அடியில்!

1985-ல் அவர்கள் சொன்ன விடை:

செவ்வாயின் மொத்த எடையில் நூற்றுக்குச் சுமார் 22 பங்கு அதன் இரும்புக் கரு. பூமியின் கரு நூற்றுக்குச் சுமார் 32 பங்கு.

செவ்வாயின் கருவில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு கந்தகம்.

கருவுக்கு மேலே உள்ள பாறையில், பிராணவாயுவோடு சேர்ந்த இரும்பு நூற்றுக்குச் சுமார் 18 பங்கு. பூமியின் பாறையில் அது 8 பங்குதான். அதாவது, செவ்வாயில் இரும்பு முழுவதும் அடிக்கு இறங்கவில்லை. பாதி வழியில் பிராணவாயுவிடம் அகப்பட்டு நின்றுவிட்டது.

சில கிலோ கல்லை வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தையே எடை போட்டுவிட்டார்கள்!

ஆனால் சரிபார்ப்பது யார்?

கல்லுக்கும் கருவிக்கும் தகராறு

33 ஆண்டுகள் சென்றன. 2018-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, அமெரிக்காவின் இன்சைட் ஓடம் செவ்வாயில் இறங்கியது. அது ஒரு பூகம்பமானியைத் தரையில் வைத்தது.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பழுத்ததா என்று சொல்வார்கள் அல்லவா? பூகம்பமும் ஒரு தட்டுத்தான். அதிர்ச்சி அலைகள் உள்ளே போய், கருவில் மோதித் திரும்பி வரும். வரும் நேரத்தைக் கணக்கிட்டால் கருவின் அளவு தெரியும். நான்கு ஆண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட அதிர்ச்சிகளை அந்தக் கருவி எழுதி அனுப்பியது. 2022 டிசம்பரில், சூரியத் தகடுகளில் புழுதி மூடி, மின்சாரம் இல்லாமல் அது ஓய்ந்தது.

2021-ல் முதல் முடிவு வெளிவந்தது. மையத்தில் இருந்து கருவின் விளிம்பு வரை சுமார் 1,830 கிலோ மீட்டர்!

விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். கரு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. செவ்வாயின் மொத்த எடை முன்பே தெரியும். அது மாறாது. கரு பெருத்தால், அது லேசாகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு லேசாக இருக்க வேண்டுமானால், இரும்போடு கந்தகம் போன்ற லேசான பொருள்கள் ஏராளமாகக் கலந்திருக்க வேண்டும்.

கற்களை ஆராய்ந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆதியில் கிடைத்த சரக்கில் அவ்வளவு இல்லையே! மளிகைக் கடையில் வாங்கியதற்கு மேல் பந்தியில் பரிமாற முடியுமா?

யார் சொல்வது சரி? கல்லா, கருவியா?

வழக்கைத் தீர்த்து வைத்ததும் ஒரு விண்கல்தான்! 2021 செப்டம்பர் 18-ந் தேதி, செவ்வாயின் மறுபக்கத்தில் ஒரு விண்கல் மோதியது. அந்த அதிர்ச்சி அலைகள் கருவின் ஓரத்தை உரசிக்கொண்டு கருவிக்கு வந்து சேர்ந்தன. ஆனால் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்தன. வழியில் ஏதோ அவற்றைத் தாமதப்படுத்தியிருக்கிறது.

என்ன அது? பிரான்சைச் சேர்ந்த ஒரு குழுவும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு குழுவும் தனித்தனியே ஆராய்ந்தன. 2023 அக்டோபரில் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. இரும்புக் கருவைச் சுற்றி, உருகிய பாறைக் குழம்பு ஒன்று போர்வை போலக் கிடக்கிறது. கனம் சுமார் 150 கிலோ மீட்டர். முன்பு அந்தப் போர்வையையும் சேர்த்துக் கரு என்று நினைத்துவிட்டார்கள்!

போர்வையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கருவின் அளவு 1,650 முதல் 1,675 கிலோ மீட்டர்தான். கரு சிறுத்தது, கனம் கூடியது. லேசான பொருள்கள் நூற்றுக்கு 9 முதல் 15 பங்கு இருந்தால் போதும் என்று சுவிட்சர்லாந்துக் குழு கணக்கிட்டது. கற்கள் சொன்ன கணக்கின் பக்கமே கருவி வந்து சேர்ந்தது!

இதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. 2025 செப்டம்பரில் சீன விஞ்ஞானிகளின் குழு ஒரு புதுச் செய்தியைச் சொன்னது. உருகிய கருவின் நடுவே கெட்டியான உள்கரு ஒன்று இருக்கிறது என்பதே அது. அதன் அளவு மையத்தில் இருந்து சுமார் 600 கிலோ மீட்டர். கந்தகம் நிறையக் கலந்த இரும்பு எளிதில் உறையாது. அப்படியானால் நடுவில் உறைந்தது எப்படி? எந்தப் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது? கேள்வி மறுபடியும் கற்களிடமே வந்து நிற்கிறது.

அறிந்து என்ன பயன்?

"எங்கோ இருக்கும் கிரகத்தின் வயிற்றில் கந்தகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

பூமியில் இன்று குழந்தை விளையாடுகிறது, பயிர் விளைகிறது. இதற்குப் பூமியின் இரும்புக் கருவும் ஒரு காரணம். உருகிய இரும்பு உள்ளே கொதித்துப் புரள்கிறது. அதனால் பூமி ஒரு பெரிய காந்தமாக இருக்கிறது. சூரியனில் இருந்து சீறி வரும் மின் துகள்களை அந்தக் காந்தம் விலக்கிவிடுகிறது.

செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் அப்படிக் காந்தம் இருந்தது. ஆற்றுத் தடங்களும் ஏரிப் படுகைகளும் அங்கே இன்றும் காணப்படுகின்றன. ஆனால் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காந்தம் அணைந்துவிட்டது. காற்றில் பெரும்பகுதி விண்வெளிக்குப் பறந்தது. தண்ணீர் வற்றியது. இன்று அது செம்மண் பாலைவனம்.

பூமியின் தம்பி ஏன் இப்படி ஆனான்? கரு ஏன் காந்தத்தை இழந்தது? அதில் கலந்திருக்கும் சரக்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கல் யாருக்குச் சொந்தம்?

இப்போது ஏலம் போன கல்லுக்கு வருவோம்.

செவ்வாயில் இருந்து இன்றுவரை எந்த ராக்கெட்டும் ஒரு பிடி மண்ணைக்கூடக் கொண்டுவரவில்லை. 2021-ல் அங்கே இறங்கிய பெர்சிவரன்ஸ் வண்டி கல்லையும் மண்ணையும் குழாய்களில் அடைத்து வைத்திருக்கிறது. அவற்றை எடுத்து வர 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை காத்திருக்க வேண்டும் என்று 2024-ல் கணக்கிடப்பட்டது. அது கட்டாது என்று நாசாவே கைவிரித்துவிட்டது. சீனா 2028-ஐ ஒட்டி ஓர் ஓடத்தை அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது.

அதுவரை, தானாக வந்து விழுந்த கற்களே கதி.

கல் தேடுகிறவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கொதிக்கும் மணலில் நடந்து தேடுகிறவனுக்குக் கூலி வேண்டாமா? விலை கிடைக்காவிட்டால் பல கற்கள் மணலிலேயே மக்கிப் போயிருக்கும். புதிய விண்கல்லுக்குப் பெயர் பதிய வேண்டுமானால், 20 கிராம் அல்லது எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அதை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருக்கிறது.

ஆனால் 20 கிராம் போதுமா? ஒரு கல்லுக்குள்ளேயே இடத்துக்கு இடம் சரக்கு மாறும். நாளைக்குப் புதிய கருவி வரும். புதிய கேள்வி பிறக்கும். அண்டார்டிகா கல்லில் இருந்த காற்றை உடனே யாரும் அளந்துவிடவில்லை. கல் ஆராய்ச்சிசாலையில் பத்திரமாக இருந்தது. கேள்வி பிறந்தபோது பதில் சொல்லியது.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அரசாங்க அனுமதி இல்லாமல் விண்கல்லை வெளியே கொண்டுபோக முடியாது. அண்டார்டிகாவில் விஞ்ஞானிகள் சேகரிக்கும் கற்கள் விலைக்கு விற்கப்படுவது இல்லை. நைஜர் போன்ற ஏழை நாடுகளுக்கு இந்தக் காவல் இன்னும் வாய்க்கவில்லை. கண்டெடுத்தவனுக்கு நியாயமான விலை. கிடைத்த நாட்டுக்கு உரிமை. விஞ்ஞானிக்குப் போதுமான துண்டு. இந்த மூன்றுக்கும் வழி செய்யும் சட்டம் தேவை.

ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. 45 கோடி ரூபாய்க்குப் போன அந்தக் கல் எந்த இனம் தெரியுமா? ஷெர்காட்டி இனம்! பீகார் ஊரின் பெயரைத்தான் உலகமே அந்த வகைக் கற்களுக்கு வைத்திருக்கிறது.

1865-ல் விழுந்த அந்த மூத்த கல்லின் பெரும்பகுதி கொல்கத்தாவில் அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் துண்டுகள் பல நாட்டு ஆராய்ச்சிசாலைகளுக்குப் போயிருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் விஞ்ஞானிகள் அதனிடம் கேள்வி கேட்கிறார்கள். அதுவும் பதில் சொல்கிறது.

நைஜர் பாலைவனத்தில் கிடைத்த தம்பிக் கல்லுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்குமா? வாங்கியவர் கையில் இருக்கிறது!